திறந்து கிடக்கும் சோற்றுக்கூடை

மேகாங் ஆற்றைப் பார்த்த சமையலறை ஜன்னல் வழியே காலை வெளிச்சம் சாய்வாக விழுகிறது. வெந்த ஒட்டரிசிச் சோற்றை மூடி வைக்கும் சோற்றுக்கூடை எப்போதும் இருக்கும் மூலையில், அக்கா புவாவான் தன் பென்சில் ஓவியத்தைச் சுவரோடு சாய்த்து வைக்கிறாள். அசல் அளவில் ஒரு மூங்கில் கூடை, பக்கத்தில் கழற்றி வைத்த மூடி. ஒவ்வொரு இழையும் அடுத்ததன் அடியில் புகுந்து வெளியே வருகிறது. விளிம்பில் ஒட்டிய ஒற்றைப் பருக்கை மட்டும் பென்சில் படாத வெறும் தாள், அதுதான் மினுங்குகிறது. "இதுக்கும் அவர் சிரிச்சா, பென்சிலையெல்லாம் அடுப்புல போட்டுடுவேன்டி" என்கிறாள் என்னிடம். போன வாரம் அவள் வரைந்த கெட்டிலைப் பார்த்து, "வாத்துக்கு எதுக்குக் கைப்பிடி?" என்று கேட்டவர் அத்தான் தோங்சி. இப்போது வெயிலிலிருந்து உள்ளே வருகிறார், கண்ணைச் சுருக்குகிறார். "சாப்பிட்டுட்டுக் கூடையைத் திறந்தே போட்டிருக்கியே! மூடாம விட்டா புருஷன் பொண்டாட்டி பிரிஞ்சு போவாங்கன்னு தெரியாதா?" பதறிக் குனிந்து மூடியை எடுக்கப் போகிறார். நகங்கள் தாளில் கீறுகின்றன. விரல்நுனியில் ஒட்டிய பென்சில் கரியை அவர் வெறித்துப் பார்க்கிறார். "மூடுங்களேன், ஏன் நிறுத்திட்டீங்க?" என்கிறாள் அக்கா. முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்த அசல் கூடையை, இறுக மூடியபடியே, வென்ற கோப்பையைப் போலத் தலைக்கு மேல் தூக்குகிறாள்.