வடமேற்கு அறை

வீட்டைச் சுற்றிப் பார்த்த வாஸ்துக்காரர் வடமேற்கு அறைக்குள் வந்து நின்றார். "இது வாயு மூலை. இங்க வச்சது எதுவும் வீட்டுல தங்காது. விக்காத சரக்கு வித்துடும். கல்யாணம் ஆகாத பொண்ணைப் படுக்க வைங்க, கிளம்பிடும்."

"கேட்டியாக்கா? இன்னைக்கே உன் கட்டிலைக் கொண்டாந்து போடு" என்று சிரித்த தம்பி, அவரை வழியனுப்பக் கூடவே போனான்.

தமயந்திக்குச் சிரிப்பு வரவில்லை. கூடத்தில், பக்கவாதத்தில் விழுந்த அம்மா கிடந்தாள். குளிப்பாட்டுவதும் புரட்டிப் போடுவதும் தமயந்திதான். பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் அந்தக் கட்டிலைப் பார்த்ததும் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

அவள் குனிந்து அம்மாவின் கட்டிலைத் தள்ள ஆரம்பித்தாள். இரும்புக் கால்கள் தரையில் கிறீச்சிட்டன.

"உன் கட்டிலைத்தானேடி போடச் சொன்னாங்க?" அம்மாவின் குழறல் அவளுக்கு மட்டும்தான் புரியும்.

"அங்க நல்லா காத்து வரும்மா." முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

அறைக்குள் போனதும் அதற்குமேல் கை ஓடவில்லை. கட்டில் சுவருக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிட்டது. அம்மா உயிருள்ள கையை நீட்டித் துழாவிப் பார்த்தாள். சுவர் எட்டவில்லை.

"இன்னும் இடம் இருக்கு, தமா. மூலையோட ஒட்டித் தள்ளு" என்றாள்.