காத்தாயி கோயிலும் லிட்மஸ் தாளும்

"மாப்பிள்ளை வீட்டுச் சேவலை வாங்கி முழுங்கிட்டு, படிக்கிற புள்ளையைக் கல்யாணத்துல தள்ளிவிடப் பாக்கறான் பூசாரி. நாளைக்குக் கோயில்ல வச்சே அவன் குட்டை உடைக்கலேன்னா நான் கெமிஸ்ட்ரி படிச்சவனே இல்ல!"

டீக்கடையில் இப்படி முழங்கிவிட்டு வெளியே வந்த பிறகுதான் குழந்தைவேலுக்குத் தன் நிலைமை நினைவுக்கு வந்தது.

செந்துறைப் பக்கத்து உயர்நிலைப் பள்ளிக்கு வேதியியல் வாத்தியாராக வந்து சேர்ந்தே ஒரு வருஷம்தான் ஆகிறது. அவர் பரம்பரையிலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இதில் ஊர்ப் பகை வேறா?

ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை. அவரிடம் படித்த மலர்க்கொடி பத்தாவதில் பள்ளிக்கே முதலாவதாகத் தேறியிருந்தாள். அரியலூரில் ப்ளஸ் ஒன் இடமும் கிடைத்தாயிற்று. அதற்குள் மீன்சுருட்டியிலிருந்து மாப்பிள்ளை வந்துவிட்டார். அவருக்கு ரைஸ் மில் உண்டு. நாற்பது வயசும் உண்டு. முதல் தாரம் போய்ச் சேர்ந்தாயிற்று.

"காத்தாயி உத்தரவு குடுத்தா கட்டிக் குடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டார் அவள் அப்பா அரியமுத்து.

உத்தரவு கேட்பது அந்த ஊர் வழக்கம். பெண் வீட்டார் கிண்ணத்தில் மஞ்சள் தண்ணீர் கரைத்துவந்து அம்மன் முன் வைப்பார்கள். பூசாரி பெரியசாமி தன் செம்பிலிருந்து தீர்த்தம் ஊற்றுவார். சிவந்தால் அம்மனுக்குச் சம்மதம். மஞ்சளாகவே நின்றால் இல்லை.

குழந்தைவேலுக்கா தெரியாது! தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் பார்க்கப் பச்சைத் தண்ணீர் மாதிரியேதான் இருக்கும். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். ஆலத்தி சிவக்கிற அதே கதை. சிவப்பு லிட்மஸ் தாளை அந்தச் செம்பில் முக்கினால் நீலமாகிவிடும். ஊரே பார்த்துவிடும்.

மறுநாள் கோயிலில் கூட்டம்.

"வாங்க வாத்தியாரய்யா! டீக்கடையில சொன்ன காயிதமெல்லாம் கொண்டாந்திருக்கீங்களா?" என்று சிரித்தார் பெரியசாமி.

"இருக்கு" என்று சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார் குழந்தைவேல். சிவப்புத் தாள், நீலத் தாள் இரண்டும் இருந்தன.

"அப்ப ஓரமா நில்லுங்க. மொதல்ல ஆத்தா சொல்லட்டும்."

மலர்க்கொடி கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். பூசாரி தீர்த்தத்தை ஊற்றினார்.

மஞ்சள் மஞ்சளாகவே நின்றது.

மாப்பிள்ளையின் தாய்மாமன் கருப்பண்ணன் முன்னால் பாய்ந்தார்.

"யோவ் பூசாரி! இன்னும் ஊத்துய்யா!"

ஊற்றினார். அப்போதும் சிவக்கவில்லை.

"நேத்து அந்தச் சேவ..." என்று ஆரம்பித்து மென்று விழுங்கிய கருப்பண்ணன், சட்டென்று குழந்தைவேல் பக்கம் திரும்பினார். "வாத்தியாரே, இதெல்லாம் சூதுன்னு டீக்கடையில சொன்னீங்களாமே? போட்டுப் பாருங்க உங்க காயிதத்தை. சூதுன்னு ஆயிட்டா இந்த வாக்கு செல்லாது. இப்பவே வெத்தலை பாக்கு மாத்திடறோம்!"

"ஆமாங்க சார், பாத்துச் சொல்லுங்க" என்றார் அரியமுத்துவும்.

குழந்தைவேல் கிண்ணத்தின் மேல் குனிந்தார். கமகமவென்று எலுமிச்சம்பழ வாசனை. ஓரத்தில் ஒரு விதை வேறு மிதந்தது.

நிமிர்ந்து பார்த்தார். மலர்க்கொடி தாவணியில் கையை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

'காரத்தை அமிலம் அடக்கிடும்' என்று அவர் பாடம் நடத்தியபோது, 'எலுமிச்சம்பழம் போதுமா சார்?' என்று கேட்டவள் அவள்தான்.

அமிலத்தில் நீலத் தாள் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். சிவப்புத் தாள் அப்படியே இருக்கும். பைக்குள் போன விரல் நீலத்தைத் தொட்டது. அதை ஒதுக்கிவிட்டுச் சிவப்பை எடுத்தது.

"எல்லாரும் பாத்துக்குங்க. தாள் சிவப்பு. முக்கறேன். நிறம் மாறல."

"அப்படின்னா?"

"சுண்ணாம்பு வேலை எதுவும் இல்லேன்னு அர்த்தம்."

"அப்ப?"

குழந்தைவேல் அம்மனைப் பார்த்துக் கும்பிட்டார். "அப்ப... அம்மன் வாக்குதாங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. கிண்ணத்திலிருந்து ஒரு கை அள்ளி, பக்தியாகக் கண்ணை மூடி, விதையோடு சேர்த்து விழுங்கினார்.

"வாத்தியாரே தீர்த்தம் குடிச்சிட்டாருடோய்!" என்று யாரோ கத்த, கோயிலே சிரித்தது. டீக்கடைப் பக்கம் இனித் தலைகாட்ட முடியாது.

மீன்சுருட்டிக்காரர்கள் துண்டை உதறிக்கொண்டு கிளம்பினார்கள். அரியமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டு மகளை அழைத்துப்போனார். போகிற போக்கில் அவள் வாத்தியாரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

கூட்டம் கலைந்ததும் குழந்தைவேல் பூசாரியை நெருங்கினார்.

"உங்க சுண்ணாம்புத் தண்ணியை ஒரு எலுமிச்சம்பழம் கவுத்துடுச்சு. அந்தப் பொண்ணு வீட்டுலேயே பிழிஞ்சு எடுத்தாந்திருக்கு. வெளியில சொல்லிடாதீங்க. நானும் உங்களைப் பத்திச் சொல்லல."

பெரியசாமி செம்பை நீட்டினார். "மிச்சம் இருக்கு பாருங்க. இதுலயும் முக்குங்க."

சிவப்புத் தாளை முக்கினார். மாறவில்லை. நீலத்தையும் முக்கினார். அதுவும் மாறவில்லை.

குழந்தைவேல் திகைத்து நிமிர்ந்தார்.

"வெறும் கெணத்துத் தண்ணி சார்" என்றார் பூசாரி. "சேவலைத் தின்னது நெசந்தான். அதுக்காவ அந்தக் கெழவனுக்கா கட்டிவைக்க முடியும்? நீங்க அந்தப் புள்ளைகிட்ட இதைச் சொல்லிடாதீங்க. நம்ம படிப்புதான் நம்மளைக் காப்பாத்துச்சுன்னு நெனச்சுக்கிட்டு அரியலூரு போகட்டும்!"