பெயர் எழுதாத படகு

திருவிழாவுக்காகப் படகுக்குப் பெயின்ட் அடிக்க வந்த லூர்து, உள்பக்கத்தில் பதிந்திருந்த கைத்தடத்தை உப்புத்தாளால் தேய்க்கப் போனார். ரெஜினாள் பதறிவிட்டாள்.

“ஐயோ, அதைத் தொடாதீங்கண்ணே!”

போன மாசம் நடுக்கடலில் படகு விரிசல் விட்டபோது, அவள் புருஷன் மிக்கேல் பசையை அப்பி, கையால் அழுத்திக்கொண்டு வயர்லெஸ்ஸில் உதவி கேட்டான். வானத்துச் செயற்கைக்கோளிலிருந்து லேசர் இறங்கினால்தான் அந்தப் பசை இறுகும். கரையிலிருந்து லேசரைச் செலுத்தும் பெண், சதை வெந்துவிடும், கையை எடுங்கள் என்றாள். எடுத்தால் தண்ணீர் பசையைத் தள்ளிவிடும்.

“கை போனாப் போவுது தாயி, இங்க நாலு உசுரு இருக்கு. நீ அடி.”

“அப்ப அசையாம இருங்கண்ணே.”

ஒளி நூலாக இறங்கி, விரல்களின் ஓரமாகவே சுற்றிவந்து பசையை இறுக்கியது. அவன் கையை எடுத்த கணமே தடத்தின் மேலும் பாய்ந்தது. ஒரு கொப்புளம்கூட இல்லை. அன்று அவன் அந்தக் கையால் சோறு பிசைந்து சாப்பிட்டதை ரெஜினாள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“சரி, படகுக்குப் பழையபடி உன் பேருதானே?” என்று லூர்து பிரஷ்ஷை நனைத்தார்.

“வேணாம்ணே. லேசர் அடிச்ச அந்தப் பிள்ளை பேருதான். அவ பேர வெளிய சொல்லக் கூடாதுன்னு சட்டமாம், நாங்க கேட்டுக்கிட்டேதான் இருக்கோம். தெரியிறவரைக்கும் அந்த இடத்த வெறுமனே விடுங்க.”