நாற்பது அடி

சோப்பு நிறுவனக் குலுக்கலின் முதற்பரிசாகிய, கரைமேல் கட்டிய வீடு செங்கமலத்துக்கே விழுந்திருந்தது. ஆயினும் வெளிநாட்டு வாடிக்கையாளர்க்குப் பரிசு கிடையாது என்றார், தொலைபேசியில் பேசிய அலுவலர்.

"நாங்க நகரவே இல்லியே தம்பி! கடல்தானே ஊருக்குள்ள வந்துச்சு?"

"கரை பின்னால போனா எல்லைக்கோடும் கூடவே போகும்மா. உங்க மிதவை வீடு இப்ப நாட்டுக்கு நாற்பது அடி வெளிய நிக்குது. ஆறு மணிக்குள்ள உள்ள வந்துட்டா பரிசு உங்களுக்குத்தான்."

மகளுக்கு நிறைமாதம், பிள்ளை மண்மேல் பிறக்கவேண்டும். ஆனால் மிதவைக்கு நேர்கீழே, நீரடியில், அவர்கள் வாழ்ந்த வீடு கிடந்தது. அதைப் பிரிய மனமின்றியே பதினோராண்டாய் அங்கு நின்றிருந்தார்கள்.

"நங்கூரத்தத் தூக்குங்க," என்றாள் செங்கமலம் கணவனிடம்.

அதில் ஒட்டிவந்த முற்றத்து மண்ணைத் திருநீறாக நெற்றியில் இட்டுக்கொண்டாள்.