கூரைக் காசு

பள்ளிக்கூட அதிபர் அறையின் வாசற்படியை மறித்துக்கொண்டு சுபைறா குந்தியிருந்தாள். அழுது முகம் வீங்கிய ஒரு சிறுமி அவளுடைய மடியில் ஒட்டிக் கிடந்தாள்.

தாயும் மகளுமாக இப்படி வந்து மறிப்பார்கள் என்று அதிபர் அபுல் ஹஸன் நினைக்கவேயில்லை. சூறாவளி பள்ளிக்கூடத்துக் கூரையைத் தூக்கிக்கொண்டு போய் ஏழு மாதம். மாரிக்கு முன் தகரம் போட, பிள்ளைக்குப் பத்து ரூபா என்று பெற்றார் சங்கம் தீர்மானித்திருந்தது. கொண்டுவராத பதினொரு பிள்ளைகளை இன்று காலையில்தான் அவர் வீட்டுக்கு அனுப்பினார்.

"எழும்புங்க தங்கச்சி. கையில இல்லாட்டி ரெண்டு தரமாத் தாங்க."

"படிப்பு இலவசம் எண்டுதானே சேர் கவுமெந்து சொல்ற? மறுகா என்னத்துக்குப் புள்ளயளத் துரத்தின?"

"கவுமெந்துக்கு மூணு கடிதம் போட்டுட்டன். பதில் இல்ல. மழை வந்தா இதுகள்தானே நனையும்?"

"அப்ப நாலாவது கடிதம் எழுதாதீங்க. நீங்க கடிதம் போடுற கல்விக் கந்தோருக்குப் போய், நான் இரிக்கிற மாதிரி வாசல்ல இரிங்க. நாங்களும் வாறம்."

அதிபருக்கு எதிரே இருந்த சங்கப் பொருளாளர் முகைதீன்பாவாப் போடியார் சிரித்தார். "ஊர்ப் புள்ளைக்கி ஊர்தான் குடுக்கணும். நாங்கெல்லாம் வாய் தொறக்காமக் கட்டின. பத்து ரூபா இல்லாததுகளுக்குத்தான் வாய் நீளம்."

சுபைறா முக்காட்டை இழுத்துச் சரிசெய்தாள். "உங்களுக்கு அறுவது ஏக்கர் வயல் போடியார். நீங்களும் பத்து, பாய் இழைக்கிறவளும் பத்து. இது எந்த ஊரு நியாயம்?"

போடியார் வெற்றிலைப் பையைத் துழாவத் தொடங்கினார்.

அதிபர் காசு கட்டாதவர்களின் பெயர்ப் பட்டியலை எடுத்தார். எழுநூறு பிள்ளைகளில் இவள் யாரென்று அவருக்கு ஞாபகமில்லை. "இவட பேரென்ன? எத்தினாம் வகுப்பு?"

"நஸீறா," என்ற சுபைறா, குனிந்து சிறுமியின் முகத்தைப் பார்த்தாள்.

"மூணு," என்றாள் சிறுமி மெல்ல.

"சரி. இவட காச நானே போடுறன். நீங்க ஊட்டுக்குப் போங்க."

"ஒரு ஆளுக்கு வேணாம் சேர். பதினொரு புள்ளயும் வகுப்புக்குள்ள போகோணும். அதுவரைக்கும் எழும்பமாட்டன். வேணுமெண்டாப் பொலிசக் கூப்புடுங்க."

கூரை போனபின் வகுப்பு நடந்துவந்த கிடுகுக் கொட்டிலில் பாடம் நின்றுபோயிருந்தது. பிள்ளைகளும் ஆசிரியர்களும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளை அனுப்பிய நேரத்திலிருந்தே அபுல் ஹஸனுக்கு நெஞ்சுக்குள் ஒரு முள் குத்திக்கொண்டுதான் இருந்தது. பட்டியலை நாலாகக் கிழித்தார். காவலாளி றஸாக்கைக் கூப்பிட்டு, மற்றப் பத்து வீட்டுக்கும் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவரச் சொன்னார்.

"என்ன சேர் இது?" என்று போடியார் எழும்பினார்.

"கூட்டத்தத் திரும்பக் கூட்டுவம் போடியார். ஏக்கருக்கு இவ்வளவு எண்டு வயல்காரங்கட்டக் கேப்பம். அதுக்கு முந்தி நானும் கந்தோர் வாசல்ல ஒருக்கா இரிந்து பாக்கிறன்."

சுபைறா எழுந்து சீலையைத் தட்டிக்கொண்டாள். கிழிந்த காகிதத்தைக் கூடையில் போட்ட அதிபருக்குப் பாரம் இறங்கியது போலிருந்தது. ஆனாலும் மனம் கேட்கவில்லை.

"ஒரு பத்து ரூபாக்கு இவ்வளவு சண்டையா தங்கச்சி? சரி, உங்கட மகள வகுப்புக்குப் போகச் சொல்லுங்க."

சுபைறா சிறுமியின் கண்ணை முக்காட்டு நுனியால் துடைத்து, கொட்டிலின் பக்கம் அனுப்பிவிட்டுத் திரும்பினாள்.

"இவ பக்கத்து வளவுப் பாத்தும்மாட புள்ள. என்ட மகள்ற காசு முதல் நாளே கட்டியாச்சி, சேர்!"