தொட்டியில் விழுந்த ஆள்

"கல்யாண வீட்டுத் தண்ணித் தொட்டிக்குள்ள விழுந்தது நான்தான். ஒத்தைச் செருப்பு அதோட போச்சு" என்றான் அண்ணன்.

"போண்ணா, அந்தச் சில்லிப்பு இன்னும் என் முதுகுல இருக்கு. விழுந்தது நான்" என்று மல்லுக்கு நின்றாள் தங்கை.

அப்பா குறுக்கே புகுந்தார்.

"ரெண்டு பேருமே விழல, விழுந்தது நான். நீங்க சாப்பிட அடம்பிடிச்சப்பல்லாம் உங்க பேரைப் போட்டுச் சொல்லி ஊட்டினேன்."



மூலையில் பேத்திக்கு ஊட்டிக்கொண்டிருந்த அத்தை, அப்பாவின் அக்கா, குலுங்கிச் சிரித்தார்.

"உனக்கு ஊட்டி வளர்த்தது யாருடா? அந்தச் செருப்பு என்னோடது."



அத்தை அடுத்த வாயை உருட்டி நீட்டினார்.

"சொல்லு தங்கம், தொட்டிக்குள்ள தொபுக்கடீர்னு விழுந்தது யாரு?"

"நானு" என்று வாயைத் திறந்தது குழந்தை.