பொம்மு என்ன மிருகம்?

"இது கரடின்னா என் மீசைய எடுத்துடறேன்" என்றார் ஜெகதீஸ்வரன்.

பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் மீசையைப் பந்தயம் வைத்ததில் எல்லோருக்கும் சிரிப்பு. பேச்சைக் கிளப்பிவிட்டவன் மாப்பிள்ளை கார்த்திக்தான். அவனும் மாலாவும் பொன்னேரியில் ஒரே செல்போன் கடையில் வேலை பார்க்கிறவர்கள். ஒருவரையொருவர் பிடித்துப்போய், பெரியவர்களைச் சம்மதிக்க வைத்து இதுவரை கொண்டுவந்திருந்தார்கள்.

மாலா மூன்று வயதிலிருந்து கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மை ஒன்று இருக்கிறதாம். அது என்ன மிருகம் என்று யாருக்கும் தெரியாதாம். போட்டோ எடுத்து நெட்டில் போட்டுக் கேட்டதற்கு நாற்பது பேர் நாற்பது மிருகம் சொன்னார்களாம். கார்த்திக் இப்படிச் சொல்லி முடிப்பதற்குள் மாலா உள்ளே போய் அதை எடுத்துவந்து பாயின் நடுவில் வைத்துவிட்டாள்.

துவைத்துத் துவைத்து மயிரெல்லாம் போன சாம்பல் உடம்பு. கண் இருக்கும் இடத்தில் இரண்டு சட்டைப் பித்தான்கள். காது கிடையாது. பொம்மு என்று பெயர்.

ஒருவர் எலி என்றார், ஒருவர் கன்றுக்குட்டி என்றார். எங்கே வாங்கியது என்று கேட்டதற்கு, சுனாமி வந்த மறு வருஷம் பொன்னேரிச் சந்தையில் இவர் வாங்கிவந்தார் என்று மாலாவின் அம்மா ராஜம்மா சொன்னாள்.

'இவர்' என்று அவள் கைகாட்டிய லோகநாதன் டீ டம்ளரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பொம்மு கடைசியாக மாப்பிள்ளையின் அப்பா கங்காதரன் கைக்குப் போனது. அதிகம் பேசாத மனிதர். வீட்டை ஒட்டிய ஏரியின் அக்கரையில் அவர்தான் தன் ஊருக்குப் பாடு வாசிக்கிறவர். எந்த நாளில் எந்த ஊர்க்காரர்கள் ஏரியில் எந்த இடத்தில் வலை போடலாம் என்கிற முறைதான் பாடு. அதை மீறியவன் வீட்டில் யாரும் பெண் எடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். கங்காதரன் வாசித்த பாடு என்றால் மறுபேச்சு இல்லை என்று இக்கரையிலும் அவருக்குப் பேர்.

அவர் பொம்முவின் வயிற்றை அமுக்கினார். உள்ளே நறநறவென்றது. காதருகே வைத்து இன்னொரு தரம் அமுக்கினார். பிறகு கழுத்தைத் திருப்பி, எப்போதோ கயிறு இறுகிக் கிடந்த பள்ளத்தில் விரலை ஓட்டினார். அவர் முகம் மாறியதை லோகநாதன் பார்த்துவிட்டார்.

"லோகு, கொஞ்சம் கரைப்பக்கம் போய்ட்டு வரலாமா?" என்றார் கங்காதரன். பொம்முவை அவர் கீழே வைக்கவில்லை.

லோகநாதன் டம்ளரை வைத்துவிட்டு அவர் பின்னால் போனார்.

அந்த வருஷம் ராஜம்மா மஞ்சள்காமாலையோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அம்மாவைக் கேட்டு மாலா ஒன்பது நாள் அழுதாள். பத்தாம் நாள் விடியற்காலை மீன்பிடிக்கப் போன லோகநாதனின் படகருகே ஏரியில் இது மிதந்துகொண்டிருந்தது. எட்டிப் பிடித்து இழுத்த பிறகுதான் அடியில் கயிறு தெரிந்தது. யாரோ தன் வலைக்கு அடையாளமாகக் கட்டிவிட்ட மிதவை. அதை அறுத்துவிட்டால் வலை எங்கே கிடக்கிறதென்று போட்டவனுக்கே தெரியாது. ஒரு குடும்பத்தின் சோறு. அறுத்துவிட்டார். அன்றைக்குத்தான் பிள்ளை அழாமல் தூங்கியது. மறுநாள் வேறு மிதவை கட்டிவிடலாம் என்று போனால் இடம் பிடிபடவில்லை. வலையைத் தொலைத்தவன் எவனாவது ஊரைக் கூட்டுவான் என்று மாதக்கணக்கில் காத்திருந்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

படகுகள் ஏற்றி வைத்திருந்த இடத்தில் கங்காதரன் நின்றார்.

"எந்தச் சந்தைன்னாங்க?"

பொன்னேரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மகள் கல்யாணம் நடந்துவிடும். லோகநாதனுக்கு அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது.

"வாங்கலண்ணே" என்றார். "ஏரில கெடந்துது."

"அடில கயிறு இருந்துச்சா?"

"இருந்துச்சு. வலைன்னு தெரிஞ்சேதான் அறுத்தேன். புள்ள அழுதுக்கினே கெடந்துச்சு."

கங்காதரன் பொம்முவின் காதில்லாத தலையைத் தடவினார்.

"முயலு" என்றார். "சுனாமிக்குக் குடுத்த துணி மூட்டைல வந்துச்சு. பஞ்ச எடுத்துட்டு தெர்மாகோல் ரொப்பினது நான். காது வலைல சிக்கும்னு ரெண்டையும் வெட்டினதும் நான்தான்."

லோகநாதன் கும்பிட்டுவிட்டார். அந்த வலைக்குப் பதில் புது வலை வாங்கித் தருவதாகவும், தான் செய்ததை வைத்து மாலாவை மட்டும் வேண்டாமென்று சொல்லிவிடக் கூடாதென்றும் திக்கித் திக்கிச் சொன்னார்.

"கைய எறக்கு." கங்காதரன் வீட்டுப் பக்கம் திரும்பி யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். அவர் குரல் தாழ்ந்தது. "வலை போச்சேன்னு நான் ஏன் வந்து கேக்கலன்னு நெனைக்கற? அன்னிக்கு அங்க உங்க ஊரு பாடு, லோகு. திருட்டுத்தனமா வுட்டிருந்தேன். என் மிதவையப் போட்டா தெரிஞ்சிடும்னுதான் இதக் கட்டினேன். எவன் அறுத்தானோ, எப்ப சொல்லிடுவானோன்னு இருவது வருசமா நான் தூங்கல. இனிமே எங்க வூட்டுக்குப் பொண்ணு குடுக்கறதும் மாட்டேன்றதும் உன் இஷ்டம்."

லோகநாதன் அவர் கையிலிருந்து பொம்முவை வாங்கிக்கொண்டார். பிறகு வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மாலா, அது முயலாம்மா. சம்மந்தி கண்டுபுடிச்சிட்டாரு."